900 ரூபாய் ஏறினால் இஎஸ்ஐ போகும்: இன்கிரிமென்ட் வேண்டாம் என்று சொல்லலாமா?

2025 மார்ச் 9: ஆம்பூரிலிருந்து வந்த கேள்வி

ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன் சூப்பர்வைசரா இருக்கேன். இப்போ மொத்தம் 20,600. ஏப்ரல்ல 900 ஏத்தித் தர்றாங்க. 21,500 ஆயிடும், இஎஸ்ஐ கட் ஆயிடும், அதுக்குப் பதிலா கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல 2 லட்சத்துக்குச் சேர்க்கிறோம்னு ஹெச்.ஆர்.ல சொல்றாங்க. அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். கிட்னியும் பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். மாசாமாசம் மாத்திரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியிலதான் வாங்குறோம். இந்த 900 வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாமா? கூட வேலை செய்றவங்க பைத்தியமாங்கிறாங்க.

மார்ச் 9, இரவு

எழுதிக் கொடுக்கும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களைக் கேலி செய்கிறவர்கள் 900-ஐ மட்டும் பார்க்கிறார்கள்.

இஎஸ்ஐ என்பது மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கான அரசுத் தொழிலாளர் காப்பீடு. அதற்குத் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 2019 ஜூலை முதல் இதுதான். அதற்கு முன் 1.75-ம் 4.75-ம். 20,600-க்கு உங்கள் பிடித்தம் 155 ரூபாய், ஏனென்றால் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள். கம்பெனி போடுவது 670. ஆக மாதம் 825, வருடம் 9,900 ரூபாய் உங்கள் பெயரில் இஎஸ்ஐ-க்குப் போகிறது. இதில் 155 சம்பளச் சீட்டில் தெரிகிறது, 670 தெரிவதில்லை. தெரியாததால் அது உங்கள் சம்பளம் இல்லை என்று ஆகிவிடாது. உங்களை வேலையில் வைத்திருக்க முதலாளி கொடுக்கும் விலையில் அதுவும் ஒரு பகுதி.

இன்கிரிமென்ட் வந்தால் உங்கள் கைக்கு 900, கூடவே பிடித்தம் நின்ற 155: மொத்தம் 1,055. வருடத்துக்கு 12,660. கம்பெனிக்கு? 900 கூடுகிறது, 670 குறைகிறது. பி.எஃப். போன்றவற்றை விட்டுவிட்டால் மாதம் 230 ரூபாய்தான் கூடுதல் செலவு. அதன் மேல் குரூப் பிரீமியம். அதனால் ஹெச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது: “மிச்சமாகிற 670-ல் எவ்வளவு குரூப் பாலிசிக்குப் போகிறது? அந்த பாலிசியில் அம்மா இருக்கிறாரா?” பல குரூப் பாலிசிகளில் தொழிலாளி, துணை, இரண்டு பிள்ளைகள் மட்டும். பெற்றோருக்குத் தனி பிரீமியம், அதையும் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். இஎஸ்ஐ-யில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோர், அவர்கள் வருமானம் மாதம் 9,000-க்குள் இருந்தால், தனிப்பணம் இல்லாமலே உள்ளே வருகிறார்கள்.

அடுத்தது, எதை விட்டு எதை வாங்குகிறோம் என்பது. இஎஸ்ஐ வைத்தியத்துக்கு ரூபாய் உச்சவரம்பு கிடையாது, வெளிநோயாளி மருந்தும் உண்டு. குரூப் பாலிசி பெரும்பாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். அம்மாவின் மாத மாத்திரைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. நாளை டயாலிசிஸ் என்று வந்தால், அது ஒருநாள் சிகிச்சைக் கணக்கில் பாலிசிக்குள் வரும். ஆனால் ஒரு தடவைக்கு 1,500 என்று வைத்துக்கொண்டாலும், வாரம் மூன்று தடவை, வருடம் 156 தடவை, 2,34,000 ஆகிறது. 2 லட்சம் பதினோராவது மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

இன்கிரிமென்ட் ஏப்ரல் 1-ல் வந்தால் அன்றோடு இஎஸ்ஐ நின்றுவிடும். அதனால் இந்த மாதத்துக்குள் முடிவெடுங்கள்.

மார்ச் 10

நேற்று முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். 21,500 என்பது மொத்தச் சம்பளமா, இஎஸ்ஐ கணக்குச் சம்பளமா? இரண்டும் ஒன்றல்ல.

21,000 வரம்பு 2017 ஜனவரி 1 முதல் இருப்பது. மாற்றுத் திறனாளிகளுக்கு 25,000. 2025 மார்ச் நிலவரப்படி அந்த வரம்போடு ஒப்பிட வேண்டிய சம்பளத்தில் அடிப்படை, பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, மாதாமாதம் தரும் டார்கெட் இன்சென்டிவ் எல்லாம் சேரும். வாஷிங் அலவன்ஸ் சேராது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் தரும் இன்சென்டிவ், வருட போனஸ் சேராது. கன்வேயன்ஸ் அலவன்ஸ் சேராது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய பழக்கத்தில் இன்னும் அதைச் சேர்த்துக் கூட்டும் அலுவலகங்கள் உண்டு. சீட்டை எடுத்து வரி வரியாகப் பாருங்கள்.

ஓ.டி. (ஓவர்டைம்) பற்றி வாணியம்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஓ.டி. சேர்ந்து போன மாசம் 23,000 வந்துச்சு, நான் வெளிய போயிட்டேனா?” போகவில்லை. வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கக் கூடாது. பிடித்தம் போடும்போது மட்டும் ஓ.டி.க்கும் சேர்த்துப் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பித்தான் ஷிப்மென்ட் நெருக்கடி மாதங்களில் ஆட்களை வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

மார்ச் 14

ஆம்பூரிலிருந்து கேள்வி கேட்டவர் தன் சம்பளச் சீட்டை இங்கே போட்டுவிட்டார். அடிப்படையும் பஞ்சப்படியும் 14,200, வாடகைப்படி 6,400. கன்வேயன்ஸ் இல்லை. ஆக இவருக்கு 21,500 என்பது இஎஸ்ஐ கணக்கிலும் 21,500தான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும் இன்னொருவர் சீட்டில் 22,100 மொத்தம், அதில் 1,600 கன்வேயன்ஸ். கழித்தால் 20,500. இவரை அக்டோபரிலேயே வெளியே எடுத்திருக்கிறார்கள். எடுத்தது தவறு. சம்பளச் சீட்டு நகலோடு ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுத்து, விட்டுப்போன மாதங்களுக்குச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கம்பெனி கட்ட வேண்டும். நேரத்துக்குப் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பின்னால் உங்கள் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்க முடியாது.

“அப்படின்னா எனக்கும் 900-ஐ கன்வேயன்ஸ்னு போடச் சொல்லலாமே?” என்று கேட்பீர்கள். உண்மையில் வந்து போகும் செலவுக்கென்று கம்பெனி எல்லாருக்கும் ஒரே விதியில் தந்தால் சரி. ஒருவருக்கு மட்டும், வரம்பைத் தாண்டாமல் இருக்கப் பெயரை மாற்றிப் போட்டால் ஆய்வில் நிற்காது.

மார்ச் 16

மார்ச் 9 குறிப்பின் கடைசி இரண்டு வரியைத் திருத்துகிறேன். “அன்றோடு நின்றுவிடும்” என்று எழுதியது தவறு. விஷயமே அங்கேதான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

இஎஸ்ஐ-யில் வருடம் இரண்டு பங்களிப்புக் காலம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒன்று. முதலாவதில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். இரண்டாவதில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சம்பளம் இருந்தால் அதற்கான பலன் காலத்தில் நோய்க்கால உதவி கிடைக்கும். அந்தத் தகுதி இருக்கும் வரை வைத்திய வசதியும் உண்டு.

இவருக்குப் பொருத்திப் பார்ப்போம். 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை முழுசாகக் கட்டியாகிவிட்டது. ஏப்ரல் 1-ல் வரம்பைத் தாண்டினாலும் 2025 டிசம்பர் 31 வரை அவருக்கும் அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு.

இன்னொன்று. வரம்பைப் பார்ப்பது பங்களிப்புக் காலத்தின் தொடக்கத்தில். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை உள்ளேதான் இருக்க வேண்டும், முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும். அதனால் இன்கிரிமென்ட் ஆர்டர் ஏப்ரல் 1 என்று இல்லாமல் மே 1 என்று இருந்தால், செப்டம்பர் 30 வரை பிடித்தம் ஓடும். அதற்கான பலன் 2026 ஜனவரி முதல் ஜூன் 30 வரை. ஒரு மாத இன்கிரிமென்ட் 900-ஐ விட்டுக்கொடுத்து, செப்டம்பர் வரை மாதம் 160 ரூபாய் அளவுக்குக் கட்டினால், அம்மாவுக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. இன்கிரிமென்ட்டையே வேண்டாம் என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றே ஒன்று: ஆர்டரில் மே 1 என்றே இருக்க வேண்டும். மே மாதம் கொடுத்துவிட்டு ஏப்ரலுக்கு அரியர் போட்டால் கதை கெட்டது.

ஹெச்.ஆரில் இருப்பவர்களுக்கு: மாதாந்தரக் கணக்கு ஏற்றும்போது “வரம்பு தாண்டியவர்” என்ற காரணத்தை ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மட்டும்தான் போட வேண்டும். மற்ற மாதங்களில் அதைப் போட முடியாதபோது “வேலையை விட்டார்” என்று போட்டு ஆளை வெளியே தள்ளுவது நடக்கிறது. ஆள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பார், கணக்கில் வேலையை விட்டவர் ஆகிவிடுவார். விபத்து நடந்த அன்றுதான் அது வெளியே வரும்.

ஏப்ரல் 3

மே 1 என்று ஆர்டர் வாங்கிவிட்டாராம். நல்லது. இனி செய்ய வேண்டியது: இஎஸ்ஐ தளத்தில் தன் பத்து இலக்க எண்ணால் நுழைந்து பங்களிப்பு விவரத்தை அச்செடுத்து வைக்கவும். ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று அதில் இருக்கும். அம்மாவின் பெயர், பிறந்த தேதி, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்கவும். எழுத்து ஒன்று மாறினாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் சமயத்தில் நிற்கும்.

ஏப்ரல் 21

78 நாள் என்று எழுதியதும் கான்ட்ராக்ட் ஆட்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஆட்கள்தான் அதிகம். “ரெண்டு வருஷமா பிடிக்கிறாங்க, காய்ச்சல்ல படுத்தப்ப தகுதி இல்லைன்னுட்டாங்க.”

பெரும்பாலும் காரணம் இதுதான்: கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டிருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு எண்ணில் 60 நாள், ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு எண்ணில் 65 நாள். கூட்டினால் 125. கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து இரண்டுமே 78-க்குக் கீழே என்று சொல்லிவிடும். ஒரு தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க ஒரே எண்தான். புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு எண் ஆகிவிட்டால், இரண்டு அட்டைகளின் நகல், ஆதார், இரண்டு இடத்துச் சம்பளச் சீட்டு எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் இணைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் பிடித்துவிட்டுக் கட்டவில்லையென்றால்? கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது எந்தத் தொழிற்சாலைக்குள் வேலை நடக்கிறதோ அவர்களுக்கு. அவர்கள் கட்டிவிட்டுக் கான்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். “கான்ட்ராக்டரைப் போய்ப் பாருங்க” என்று கேட்டில் சொல்லி அனுப்பினால் அதை ஏற்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை. முதல் பங்களிப்புக் காலம் 156 நாளுக்குக் குறைவாக இருந்தால் 78 வேண்டியதில்லை, வேலைக்குக் கிடைத்த நாட்களில் பாதி போதும். வேலை நேரத்தில் கை மெஷினில் சிக்கினால் எந்த நாள் கணக்கும் இல்லை. சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் தற்காலிக ஊன உதவி உண்டு, சம்பளத்தில் 90 சதவீதம்.

மே 18

காட்பாடியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: இந்த நாள் கணக்கு, பிடித்தம் எல்லாம் தொழிலாளிக்கு. முதலாளி பக்கத்துப் பொருளாதாரம் என்ன? முதலாளி பங்கு 3.25 சதவீதத்தைக் கடைசியில் யார் சுமக்கிறார்கள்?

பாடப்புத்தகப் பதில்: தொழிலாளி அந்தப் பலனை மதிக்கிற அளவுக்குச் சம்பளம் குறைந்து, செலவு தொழிலாளி மேலேயே வந்து சேரும். ஆம்பூரில் அது பாதிதான் பொருந்தும். அடிமட்டத் தையல் ஆளுக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற தரை இருக்கிறது, அதற்குக் கீழே சம்பளத்தை இறக்க முடியாது. வெளிநாட்டு பையர் ஜோடிக்கு இவ்வளவு என்று விலையை முடித்துவிடுகிறார். ஆகவே செலவு சம்பளத்தில் இறங்காமல் ஆள் கணக்கில் இறங்குகிறது: கான்ட்ராக்ட், பீஸ் ரேட், ஷூவின் மேல்பாகமான அப்பர் தையலை வெளியே சிறு ஷெட்டுக்குக் கொடுப்பது. சூப்பர்வைசர் மாதிரி தரையைவிட உயரத்தில் இருப்பவர்களுக்கு அது இன்கிரிமென்ட்டில் இறங்குகிறது.

ஆனால் என் கவலை வேறு இடத்தில். மகப்பேறு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ யூனிட்களில் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 21,000-க்குள் இருக்கும் பெண்ணுக்கு 26 வார முழுச் சம்பளத்தை இஎஸ்ஐ கொடுக்கிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். முதலாளிக்கு அதற்கென்று தனிச் செலவு இல்லை. ஆண், பெண் யாரை வைத்தாலும் அதே 3.25 சதவீதம்தான். அதே பெண் ஏறி 21,500 வாங்கினால்? இஎஸ்ஐ விலகிக்கொள்கிறது, மகப்பேறு சலுகைக்கான சட்டம் வருகிறது. அந்தச் சட்டப்படி 26 வாரச் சம்பளத்தை முதலாளி தன் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். மாதம் 21,500 என்றால் ஆறு மாதத்துக்கு 1,29,000. கூடவே அந்த இடத்துக்கு வேறு ஆள்.

இப்போது ஒரு பெண்ணை சூப்பர்வைசர் ஆக்க முதலாளி ஏன் தயங்குகிறார் என்று பாருங்கள். திறமைக் குறைவு காரணமில்லை. 900 ரூபாய் உயர்வோடு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வரும் சாத்தியமும் சேர்ந்து வருகிறது. செலவை ஊர் முழுக்கப் பகிர்ந்தால் யாருக்கும் பாரமில்லை, ஒரு ஆள் தலையில் வைத்தால் வேலைவாய்ப்பே சுருங்கும். வரம்பை 21,000-லேயே பல வருடமாக நிறுத்தி வைத்திருப்பதில் எனக்குப் பெரிய ஆத்திரம் இதில்தான். விலைவாசி ஏற, சம்பளம் ஏற, அனுபவம் உள்ள பெண்கள்தான் முதலில் வரம்புக்கு வெளியே வந்து விழுகிறார்கள்.

மே 19

நேற்று “தனிச் செலவு இல்லை” என்று எழுதினேன். பதில் ஆள் வைக்கும் செலவும் பழக்கிவிடும் செலவும் இஎஸ்ஐ-யிலும் உண்டு. 26 வாரச் சம்பளம் என்ற பெரிய தொகை இல்லை, அவ்வளவே.

ஜூன் 22

குரூப் பாலிசி கையில் வந்துவிட்டவர்களுக்கு, அறை வாடகை விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஆஸ்பத்திரி கவுன்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். 2 லட்சம் பாலிசியில் பெரும்பாலும் அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 2,000. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வடநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவதால் அந்த வாடகைக்கு அறை காலி இருக்காது, 4,000 அறைதான் இருக்கு என்பார்கள். “மேல 2,000தானே, நாலு நாளைக்கு 8,000, நாமே கட்டிடலாம்” என்று நினைத்துப் போடுவார்கள்.

பில் 1,20,000 என்று வையுங்கள். அறை வாடகை 16,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 64,000. மருந்தும் பரிசோதனையும் 40,000. அறையில் பாதிதான் உங்கள் உரிமை என்பதால் அறைக்கு 8,000 தருவார்கள். டாக்டர், தியேட்டர் கணக்கையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டி 32,000 தருவார்கள். மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கருவிகள், ஐசியூ வாடகை இவற்றை அப்படி வெட்டக் கூடாது, 40,000 முழுசாக வரும். ஆக 80,000 கிடைக்கும், 40,000 உங்கள் கைக்காசு. 8,000 என்று நினைத்த இடத்தில் 40,000. அந்த அறை கிடைக்கவில்லை என்றால் பகிர்வு அறையோ பொது வார்டோ கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மாலை வரை உட்கார வைத்தால்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி, ஆஸ்பத்திரி கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டினால் கூடுதல் வாடகை காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பு. கவுன்டரில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

“முதலமைச்சர் காப்பீடு இருக்கே” என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 21,500 என்றால் 2,58,000. அங்கும் இல்லை, இஎஸ்ஐ-யிலும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நம் மாவட்டங்களின் சூப்பர்வைசர், சாம்பிள் மாஸ்டர், ஸ்டோர் கிளார்க் எல்லாரும் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கம்பெனி பாலிசி ஒன்றுதான் குடை, அதன் பிடி முதலாளி கையில்.

ஜூலை 12

சிறு யூனிட் நடத்துபவர்களுக்கு. 2025 ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரைக்கென்று இஎஸ்ஐ ஒரு பதிவுத் திட்டம் திறந்தது. இந்தக் காலத்தில் தானாக வந்து பதிந்தால் நீங்கள் அறிவிக்கும் தேதியிலிருந்துதான் கணக்கு, பழைய வருடங்களைக் கிளற மாட்டார்கள். பத்து பேர் என்றால் கட்டாயம். கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தப் பத்தில் சேர்த்தி. ஒருமுறை உள்ளே வந்த யூனிட்டில் பிறகு ஆள் குறைந்து ஏழு பேர் ஆனாலும் வெளியே போக முடியாது. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு மச்சான் பெயரில் அடுத்த ஷெட்டில் எட்டு பேர் வைப்பதற்கு வேர் அங்கேதான். ஒரே கரன்ட் கனெக்‌ஷன், ஒரே ஜாப் ஒர்க் பில் என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இப்போதே பதிவது நல்லது. ஒரு தையல்காரருக்கு மாதம் 12,000 என்றால் உங்கள் பங்கு 390 ரூபாய். ஊசி விரலில் இறங்கி அவர் மூன்று வாரம் உட்கார்ந்தால் நீங்கள் கைக்காசு கொடுப்பதைவிடக் குறைவு.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள் பற்றிக் கேட்டவருக்கு: அவர்களுடைய ஏற்பாடு வேறு வகை. 1976 சட்டத்தில் வந்த பீடித் தொழிலாளர் நலநிதி. தொழில் பெயரில் அடையாள அட்டை, அந்த அட்டைக்கு நலநிதி டிஸ்பென்சரி. முதலாளி மாறினாலும் அட்டை மாறாது. இலை தரும் காண்டிராக்டரோடு சண்டை வந்து வேறு இடம் போனாலும் வைத்தியம் கூடவே போகும். அமைப்பு என்ற அளவில் இது கம்பெனி பாலிசியைவிட நியாயமானது. ஆனால் அதற்குப் பணம் தந்த பீடி செஸ் என்ற தனி வரி 2017-ல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது.

ஆகஸ்ட் 9

அமெரிக்காவில் ஏன் எல்லாமே கம்பெனி இன்சூரன்ஸ் என்று கேட்டது காட்பாடியில் மெடிக்கல் பில்லிங் வேலை பார்ப்பவர். சுருக்கமாக: 1942-ல் போர்க்காலச் சட்டம் சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. இன்சூரன்ஸ் அந்தத் தடையில் வராததால் ஆள் பிடிக்க முதலாளிகள் அதைக் கொடுத்தார்கள். முதலாளி கட்டும் பிரீமியத்துக்கு வரி இல்லை என்பது 1954-ல் சட்டமாகவே ஆனது. அதிலிருந்து பிடி இறுகிவிட்டது. இன்சூரன்ஸ் போய்விடும் என்ற பயத்தில் வேலை மாறுவது சுமார் கால் பங்கு குறைகிறது என்று பொருளாதார ஆய்வாளர் பிரிஜிட் மாட்ரியன் 1994-ல் கணக்கிட்டுக் காட்டினார். வேலையை விட்டாலும் 18 மாதம் அதே பாலிசியில் இருக்கலாம் என்று அங்கே ஒரு சட்டம் உண்டு, ஆனால் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை தானே கட்ட வேண்டும்.

இந்த இழையைத் தொடங்கிய ஆம்பூர்க்காரர் நிலையும் அதே பூட்டுதான், சாவி மட்டும் வேறு. அங்கே வேலையை விட பயம், இங்கே சம்பளம் ஏற பயம்.

செப்டம்பர் 24

முந்தாநாள், 22 முதல், தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஒரு ஆளுக்கு 4,000 பிரீமியம் என்றால் 720 வரி. அதனால் சில இடங்களில் “குரூப் வேணாம், 4,000-ஐ கையில தர்றோம், நீங்களே வாங்கிக்கோங்க” என்று பேச்சு வருகிறது. இளம் வயது, நோய் இல்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், வேலை மாறினாலும் கூட வரும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் அவசரப்படாதீர்கள். குரூப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. தனிப் பாலிசியில் அதற்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். குரூப்பிலிருந்து விலகும்போது அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறினால் குரூப்பில் இருந்த வருடங்களைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பாலிசி முடிந்த பிறகு கேட்டால் அந்த உரிமை இல்லை.

சேரும் படிவத்தில் சுகரை மறைக்காதீர்கள். ஏஜென்ட் “போடாதீங்க, பிரீமியம் ஏறும்” என்பார். ஐந்து வருடத்துக்குள் கிளெய்ம் வந்தால் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மறுத்துவிடுவார்கள்.

அக்டோபர் 5

ஆம்பூர்க்காரரின் பிடித்தம் செப்டம்பர் சம்பளத்தோடு முடிந்தது. அக்டோபர் கணக்கில் “வரம்பு தாண்டியவர்” என்று ஏறும், அது சரி. 2026 ஜூன் 30 வரை அம்மாவுக்கு வைத்தியம் இருக்கிறது. டிஸ்பென்சரிக் கணினியில் பிடித்தம் நின்றது தெரிந்து கவுன்டரில் திருப்பி அனுப்பினால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்பு அச்சைக் காட்டி, பலன் காலம் ஜூன் வரை என்று சொல்லுங்கள். அங்கேயும் நடக்கவில்லையென்றால் கிளை அலுவலகத்தில் தகுதிச் சான்று வாங்கி வரலாம்.

இந்த ஒன்பது மாதத்தில் இரண்டு வேலை. சிறுநீரக டாக்டரிடம் ரெஃபரல் வேண்டுமென்றால் இப்போதே டிஸ்பென்சரியில் கேளுங்கள். அங்கிருந்து வேலூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, பிறகுதான் ஒப்பந்த ஆஸ்பத்திரி. ஆம்பூரிலிருந்து ஒவ்வொரு நடையும் ஐம்பது கிலோமீட்டர், ஒரு நாள் கூலி. தேதியைச் சேர்த்து வாங்குங்கள். இரண்டாவது, கம்பெனி குரூப் பாலிசி புதுப்பிக்கும் மாதம் எது என்று கேட்டு, அதற்கு முன் அம்மாவின் பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுங்கள். நடு வருடத்தில் பெரும்பாலும் மனைவி, பிறந்த குழந்தை இவர்களைத்தான் சேர்ப்பார்கள். பெற்றோரைப் புதுப்பிக்கும்போது மட்டும்தான்.